குமிழ் இறங்கும் வரை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வியாழக்கிழமை காலையில் என் அத்தானைத் திட்டியது போல் நான் யாரையும் திட்டியதில்லை. "நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டேன். அறுபத்து மூன்று வயது மனிதரை, என் அக்காவைக் கட்டிக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவரை, எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்தவரைப் பார்த்து அப்படிக் கேட்டேன். அவர் கையில் ஒரு மரக்கரண்டி இருந்தது.

நான் கேட்டது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் மனிதர் யாரென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அத்தான் பாய்லர்க்காரர். பெரிய ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாவற்றையும் மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில் நீராவி பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். பத்தொன்பது வயதில் சாம்பல் அள்ளப் போய்ச் சேர்ந்து, பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கி, ஷிப்ட் பொறுப்புக்கு வந்தார். பாய்லர்க்காரருக்கு என்ன வேலை தெரியுமா? பார்ப்பது. அவ்வளவுதான். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் அதை நோட்டில் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒன்றுமே நடக்காத நாள்தான் அவர்களுக்கு நல்ல நாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, "சின்னவளே, போன தடவையைவிட பதினோரு நிமிஷம் ஜாஸ்தி" என்றார். "அத்தான், எங்கப்பா உங்களுக்குப் பொண்ணு குடுத்ததுக்குப் பதிலா ஒரு கடிகாரத்தைக் குடுத்திருக்கலாம்" என்றேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படித்தான் சிரிப்பாள், சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்.

ஷிப்ட் பொறுப்பில் இருந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவர் பாய்லரை விட்டு நகர்ந்தார். பன்னிரண்டு நிமிஷம். கேட்டில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார்களாம், போனார். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும்படி, அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றது, குழாய் ஒன்று வெடித்தது, நீராவி ஃபயர்மேனைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை வேகவைத்துவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் அவன் திரும்ப வேலைக்கு வரவில்லை, வரவும் முடியவில்லை. விசாரணையில் எல்லோரும் பம்பைக் குற்றம் சொன்னார்கள். அத்தான் மட்டும், "நான் எடத்துல இல்ல, தப்பு என்னுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டில் கூப்பிட்டது யார், எதற்கு என்று எத்தனை தரம் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும் நாள் வரை, ஷிப்ட் மாற்ற ஆள் வந்து தோளைத் தொடாமல் அவர் நகர்ந்ததே இல்லை. சாப்பாடும் அங்கேயே நின்றபடிதான்.

அந்த வீட்டில் பிரஷர் குக்கர் கிடையாது. பருப்பானாலும் கிழங்கானாலும் திறந்த பாத்திரத்தில்தான் வேகும். இது அத்தானுடைய சட்டம் என்றுதான் நான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. சில சொற்கள் மட்டும் ஒன்றொன்றாக வரும், அதிலும் பாதி, சொல்ல வந்தது வேறாக இருக்கும். 'தண்ணி' என்று சொல்லிவிட்டு, அது இல்லை என்று அவளே தலையை ஆட்டி அழுவாள். அதனால் அவள் இடது கைக்கு எட்டும்படி ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்தோம். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை, விடாமல் தட்டினால் வா என்று அர்த்தம்.

விழுங்குவதுதான் பெரிய பாடு. தண்ணீராக இருந்தால் புரையேறும், கட்டியாக இருந்தால் தொண்டையில் நிற்கும். வாராவாரம் திங்கட்கிழமை வரும் நர்ஸ், "உடைச்ச ஓட்ஸ் வாங்குங்க. நடுவுல நறுக்குனு இல்லாம குழைய வேகணும். கரண்டியைக் கவுத்தா மெதுவா விழணும். அதுதான் பதம்" என்றாள். அத்தான் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தினமும் காலையில் அடுப்படியில் நின்று நாற்பது நிமிஷம் கிளறினார். அப்படிக் கிளறிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அக்கா தானாகக் குளியலறைக்குப் போகப் பார்த்து முதல் தடவை விழுந்தாள்.

அக்கா மகள் வெளியூரிலிருந்து ஓடி வந்தாள். ஒரே பெண். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். கெட்டவள் இல்லை, பயந்தவள். அப்பாவை உட்காரவைத்து, "இன்னொரு தடவை அம்மா விழுந்தா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்பா. எங்க ஊர்ல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. ராப்பகல் ஆள் பாத்துப்பாங்க. அம்மாவை அங்க சேத்துடுவேன்" என்றாள். அக்கா டம்ளரை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள். மறுபடியும் இரண்டு தட்டு. கை ஓய்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் அவர்களுக்கு நேர் கீழே இரண்டாவது மாடியில் இருக்கிறேன், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அக்கா எழுந்து நடமாடிய காலத்தில், அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடியும். அவளை எங்கேயோ ஓர் இல்லத்தில் கொண்டு போட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்? அன்றைக்கே போய் ஒரு எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கி வந்தேன்.

"அத்தான், இதுல ஓட்ஸைப் போட்டு, தண்ணிய ஊத்தி, பட்டனை அமுக்கிட்டு அக்கா பக்கத்துல போய் உக்காருங்க. அதுவே வேகும், அதுவே நின்னுக்கும். கிளற வேண்டாம், பாக்க வேண்டாம்."

அவர் அந்தக் குக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைக் கழற்றினார், ரப்பரை இழுத்தார், ஆவி போகும் துவாரத்தில் ஊதிப் பார்த்தார்.

"கேஜ் எங்க?" என்றார்.

"எதுக்கு?"

"உள்ள எவ்வளவு அழுத்தம்னு எப்படித் தெரியும்?"

மூடியின் மேல் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் அது மேலே எழும்பும், இறங்கினால் கீழே விழும், அது விழாமல் மூடியைத் திறக்க முடியாது. அதைக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அக்கா கட்டிலிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வாங்கி வந்த பெருமையில் இருந்தேன்.

வேகவைக்கிற முறையை நான்கே நாளில் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கப் உடைத்த ஓட்ஸ், மூன்றரைக் கப் தண்ணீர், உப்பு ஒரு சிட்டிகை, நுரை பொங்காமலிருக்க வெண்ணெய் ஒரு துண்டு. பத்து நிமிஷம் அழுத்தத்தில் வேக வேண்டும். பிறகு ஆவியைத் திறந்துவிடாமல் தானாக அடங்க விட வேண்டும். திறக்கும்போது மேலே தண்ணீராகத்தான் இருக்கும், பயப்படாமல் கிளறினால் சேர்ந்துகொள்ளும். நர்ஸ் சொன்ன பதம் அப்படியே வந்தது. அக்கா முதல் நாள் ஆறு கரண்டி சாப்பிட்டாள், அடுத்த வாரம் ஒன்பது. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில், லாண்டரியில் எழுதியது போலவே கோடு போட்டு எழுதிவந்தார். மூடிய நேரம், குமிழ் ஏறிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை கரண்டி, எத்தனை இருமல்.

ஆனால் எதற்காக வாங்கினேனோ அது நடக்கவில்லை. மனிதர் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

பட்டனை அமுக்குவார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். குமிழையே பார்த்துக்கொண்டு நிற்பார். குமிழ் ஏறி, வெந்து, தானாக அடங்கி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் நிற்பார். அடுப்படி வீட்டின் கடைசியில், அக்கா படுத்திருந்த அறை முன்னால். இங்கிருந்து பார்த்தால் அங்கே தெரியாது. கிளறுகிற காலத்திலாவது நடுவில் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவார், இப்போது அதுவும் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், இது ஓட்ஸ். பாய்லர் இல்ல."

"ஆவி ஆவிதானே சின்னவளே. ஆள் இல்லாம விடக் கூடாது."

"அப்ப இதைத் தூக்கிட்டுப் போய் அக்கா ரூம்ல வைங்க. ரெண்டையும் பாத்துக்கலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ படுத்திருக்கிற ரூம்லயா? எந்திரிச்சு ஓட முடியாதவ பக்கத்துலயா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். உடைத்த ஓட்ஸ் தீர்ந்துபோயிருந்தது. முதல் நாள் கடையில் தட்டையாக நசுக்கிய ஓட்ஸ்தான் கிடைத்தது. அது சீக்கிரம் வேகும், நுரையும் அதிகம் தள்ளும். அத்தானுக்கு அது தெரியாது. அதே கப், அதே தண்ணீர், அதே பத்து நிமிஷம். உள்ளே நுரை மூடி வரைக்கும் ஏறி, ஆவித் துவாரத்தில் அடைத்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று கஞ்சியைத் துப்ப ஆரம்பித்தது. அவர் உடனே சுவிட்சை அணைத்தார். குமிழ் இறங்கவில்லை. துவாரம் அடைத்திருக்கிறது, உள்ளே அழுத்தம் நிற்கிறது. பாய்லர்க்காரருக்கு அதைவிட மோசமான நிலைமை கிடையாது.

அந்த நேரத்தில்தான் அக்கா டம்ளரைத் தட்டினாள். விடாமல் தட்டினாள்.

நான் வேலைக்குக் கிளம்பி, போகிற போக்கில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறிக்கொண்டிருந்தேன். படியிலேயே தட்டுகிற சத்தம் கேட்டது. "வரேன், வரேன், குமிழ் எறங்கட்டும்" என்று அத்தான் குரலும் கேட்டது. கதவை நான் திறப்பதற்குள் டம்ளர் உருளும் சத்தம், பிறகு தொம்மென்று ஒரு சத்தம்.

ஐயோ, அக்கா தரையில் கிடந்தாள். இடது கையால் கட்டில் ஓரத் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு எழுந்திருக்கிறாள். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் காதுப் பக்கம் ஓடியது. வாசலைப் பார்த்து ஓரடி தூரம் தவழ்ந்து வந்திருந்தாள். நான் போட்ட சத்தத்தில் அத்தான் ஓடி வந்தார். வந்தவர் அறை வாசலில் நின்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதை நான் பார்த்துவிட்டேன். அப்போதுதான் கேட்டேன், நீங்களெல்லாம் ஒரு மனுஷனா என்று.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. "அவ தட்டினது காதுல விழலையா? பொண்டாட்டியைவிட உங்களுக்கு அந்தப் பொட்டி பெரிசாப் போச்சா? இனி அவளை இல்லத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க, நீங்க குமிழைப் பாத்துக்கிட்டு நில்லுங்க" என்றெல்லாம் வாயில் வந்ததைக் கொட்டினேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, அக்கா தலையை மடியில் எடுத்து, தோளில் கிடந்த துண்டால் நெற்றியை அழுத்திப் பிடித்தார். அக்கா அந்தக் கையைப் பிடித்து, விரலைத் தடவி, முழங்கை வரை தடவி, சட்டையைத் தூக்கிக் கழுத்தைத் தடவி எதையோ தேடினாள். வலியில் உளறுகிறாள் போல என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல். எலும்பு முறியவில்லை. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். அதற்குள் அக்கா மகளுக்குச் செய்தி போய்விட்டது, நாளைக் காலை வந்துவிடுகிறேன் என்றாள். இல்லத்தில் சேர்க்கும் ஃபாரத்தோடு வருவாள் என்று எனக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அவர் மருந்து வாங்கப் போனார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுக்குக்கா எந்திரிச்ச? பாத்ரூம் போகவா?"

இரண்டு தட்டு. இல்லை.

"தண்ணியா? பசியா?"

இல்லை, இல்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. வாயைக் கோணிக்கோணி, "கேட்டு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "கேட்டு... டிபன்... நான்" என்றாள். பிறகு தன் கழுத்தில் கையை வைத்து இடுப்பு வரைக்கும் இழுத்துக் காட்டி, தலையை வேகமாக இல்லை என்று ஆட்டினாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை. அந்த ஃபயர்மேன் வெந்தது அப்படித்தான்.

"அக்கா, அன்னிக்கு லாண்டரி கேட்ல அத்தானைக் கூப்பிட்டது நீயா?"

ஒரு தட்டு.

"அவர் மறந்துட்டுப் போன சாப்பாட்டைக் குடுக்கப் போனியா?"

ஒரு தட்டு. கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

"நீ கூப்பிட்டதாலதான் அவர் தப்பிச்சார்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

ஒரு தட்டு. அழுத்தமாக, டம்ளர் சாய்கிற மாதிரி.

எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "இன்னிக்கு அந்தக் குக்கர் சீறினது உனக்குக் கேட்டுதா? அவரை வெளிய கூப்பிடத்தான் தட்டினியா?"

ஒரு தட்டு. பிறகு, கூப்பிட்டும் அவர் வரவில்லை என்பதால் இழுத்துக்கொண்டு வரத் தானே எழுந்தாளா என்று நான் கேட்கத் தேவையே இல்லை. அவள் தவழ்ந்த அந்த ஓரடியை நான் கண்ணால் பார்த்தேனே. குக்கர் கூடாது என்ற சட்டம் யாருடையது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்து வைத்தவள் நான்.

அத்தான் மருந்துப் பையோடு வந்தார். அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நான் போனதாலதான் அவன் வெந்தான்" என்றார் கடைசியில். "கூப்பிட்டது உங்கக்கான்னு சொன்னா அந்தப் பாவம் இவ தலையிலயும் விழுமேன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டயும் அதைப் பத்திப் பேசினதே இல்ல. தெனம் அதை நெனச்சு அழுதுக்கிட்டு இருப்பான்னு நெனச்சேன் சின்னவளே."

"அவ அழல அத்தான். தெனம் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா, நீங்க வந்தீங்களேன்னு."

அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் குக்கர் மூடியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். துவாரத்தில் ஓட்ஸ் காய்ந்து பசையாக ஒட்டியிருந்தது. காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா மகள் வந்தாள். அம்மா நெற்றித் தையலைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து, பையிலிருந்து ஃபாரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, அப்பா கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. நான் கத்தினேன், கெஞ்சினேன், பாய்லர் கதை முழுவதையும் சொன்னேன்.

"சித்தி, எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கு மறுபடியும் அம்மா தட்டினா அப்பா போவாரா? நீங்க சொல்லுங்க. முப்பது வருஷப் பழக்கம். போவாரா?"

உண்மையைச் சொன்னால் எனக்கே நம்பிக்கை இல்லை. அத்தான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை. எனக்குக் கடைக்கு லீவு. உடைத்த ஓட்ஸை நான் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருந்தேன். குக்கரைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுகூடச் சொன்னேன். அத்தான்தான், "அதுல வெந்தாத்தான் அவளுக்கு எறங்குது, ரெண்டு நாளா அவ சரியாவே சாப்பிடல" என்றார். மூடியை வெளிச்சத்தில் தூக்கித் துவாரத்தைப் பார்த்தார். அளந்து போட்டார், வெண்ணெய் போட்டார், மூடினார். பட்டனை அமுக்கிவிட்டு அறைக்குப் போய் அக்காவிடம், "வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். பிறகு வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குமிழ் ஏறியது. நோட்டில் எழுதினார். அக்கா மகள் மேஜையில் ஃபாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன்.

டம்ளர் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு விடாமல்.

நான் காலை எடுத்து வைத்தேன். அக்கா மகள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் குமிழைப் பார்த்தார். அது முழுக்க மேலே நின்றது. நெற்றியில் வேர்த்துவிட்டது மனிதருக்கு. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார், குக்கரைத் தொடப்போனார், தொடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். டம்ளர் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பினார். எங்களைத் தாண்டிப் போனார். சாப்பாட்டு மேஜையருகில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார், திரும்பிப் பார்க்காமல் அறைக்குள் போனார்.

தட்டுகிற சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீரும் வேண்டாம், பாத்ரூமும் வேண்டாம். அவர் காது மட்டும் அடுப்படிப் பக்கமே இருந்தது, தோளெல்லாம் விறைத்து, எப்போது வெடிக்குமோ என்று காத்திருப்பவர் போல. அக்காவின் தோள் சத்தமில்லாமல் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் குமிழ் டக்கென்று இறங்கியது. அவர் வந்து திறந்தார், கிளறினார், கரண்டியைக் கவிழ்த்துப் பதம் பார்த்தார், கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனார். ஊட்டி முடித்துவிட்டு வந்து நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு ஃபாரத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார். "எங்க போடணும்மா?" என்று மகளைக் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இருங்கப்பா" என்றாள் அவள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஆறு கரண்டி, ஏழு, ஒன்பது, இருமல் இல்லை, இருமல் இரண்டு என்று பக்கம் பக்கமாகப் போனாள். வியாழக்கிழமையில் வந்து விரல் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். அவர் கையெழுத்தில் குண்டு குண்டாக இருந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

'7.33 — தட்டினாள். போகவில்லை. 7.38 — விழுந்தாள். தப்பு என்னுடையது.'

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பி சனிக்கிழமை வரியைச் சத்தமாகப் படித்தாள், குரல் பாதியில் உடைந்தது. ஃபாரத்தை அவள் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள்தான் வைத்தாள். "திங்கக்கிழமை நர்ஸ் வந்து என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்பா" என்றாள். அந்தப் பை இன்னும் நாற்காலியில் தொங்குகிறது. அவள் நகர்ந்ததும் நோட்டை நான் எடுத்து இன்னொரு தரம் படித்தேன்.

'7.29 — கூப்பிட்டாள். போனேன். 7.46 வரை ஆள் இடத்தில் இல்லை. பதினோரு கரண்டி.'